தய்யிபின் மேல் நாற்பது பேர்

மனிதர்களின் மூச்சிலிருக்கும் ஈரம் மூவாயிரம் வருஷத்துச் சித்திரங்களை அரித்துவிடுகிறது என்று கண்டுபிடித்த பிறகு, எகிப்தின் கோயில்களையும் கல்லறைகளையும் வெளியூர்க்காரர்களுக்கு மூடிவிட்டார்கள். செத்துப்போன ராஜாவின் முகத்திலிருந்து சாயம் உதிரக் கூடாது. நியாயம்தான். ஆனால் பார்க்க வேண்டும் என்ற ஆசையை யார் மூடுவது? அந்த ஆசையை வைத்துத்தான் எங்கள் ‘நிழல்நடை’ நிறுவனம் பிழைக்கிறது. நானும் பிழைக்கிறேன்.

ஏற்பாடு இதுதான். லக்ஸர் நகரத்தில் ஒரு ஆள் விடியற்காலையில் கிளம்பிக் கோயில் கோயிலாக நடப்பார். அவருடைய காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், சின்னதாக ஒரு வில்லை. சென்னையில், வடபழனியில், எங்களுடைய ஏ.சி. கூடத்தில் நாற்பது பேர் நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு சாய்வு நாற்காலிகளில் படுத்திருப்பார்கள். அவர் பார்ப்பதை இவர்கள் பார்ப்பார்கள். அவர் தோளில் விழும் வெயில் இவர்கள் தோளில் சுடும். கல்லறைக்குள் போவது ஒரே ஒரு மூச்சு. சுற்றிப் பார்ப்பதோ நாற்பது பேர்.

நிறுவனத்தின் விளம்பரத்தில் அந்த ஆளுக்குப் பெயர் ‘வழித்துணைவர்’. ஆபீசுக்குள் நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘வண்டி’. “இன்னிக்கு லக்ஸர் வண்டி யாரு?” என்று காபி குடித்துக்கொண்டே கேட்பார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. எரிகிறதே தவிர, அந்த வார்த்தையை என்னால் மாற்ற முடியவில்லை.

என் பெயர் மங்கையர்க்கரசி. பயணிகளுக்குத் தமிழில் விளக்கம் சொல்வது என் வேலை. எந்த ராஜா, எந்தச் சாமி, இந்தப் பருந்துத் தலைக்காரர் யார் என்றெல்லாம். வழித்துணைவரோடு பேச எனக்கு ஒரு தனி லைன் உண்டு. அதில் அவருடைய அரபி, மொழிமாற்றிக் கருவி வழியாக ஏட்டுத் தமிழாக என் காதுக்கு வரும். என் தமிழ் அவருக்கு அரபியாகப் போகும். பயணிகளுக்கு அந்த லைன் கேட்காது. பயணிகள் பேச்சு அவர் காதில் விழும்; ஆனால் அவர்கள் தமிழ் அவருக்கும், அவருடைய அரபி அவர்களுக்கும், நாங்கள் பொது மொழிமாற்றியைப் போட்டால்தான் புரியும்.

தய்யிபோடு எனக்கு ஆறு வருஷப் பழக்கம். உயரமான ஆள், நாற்பது வயதிருக்கும். மலையடிவாரத்தில்தான் அவன் ஊர். பயணிகளிடமிருந்தே பத்துப் பன்னிரண்டு தமிழ் வார்த்தைகளைப் பொறுக்கி வைத்திருந்தான். ‘வாங்க’, ‘பாத்து’, ‘படி’, ‘நன்றி’. கல்லறைப் படிகளில் இறங்கும்போது “படி, பாத்து” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்குவான். நாற்பது பேருக்கும் அது கொள்ளைச் சிரிப்பு.

நான் சொல்லப்போகும் அந்த நாள் ஆடி மாதத்தில் வந்தது. கூடம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் சடகோபன் என்று ஒருவர், அணைகள் கட்டி ஓய்வுபெற்ற பொறியாளர். அவருக்குப் பக்கத்தில் பேராசிரியர் இளங்கீரனும் அவர் மனைவி தவமணியும். பேராசிரியர் மேடைகளில் பகுத்தறிவு பேசுகிறவர். ராகு காலத்தில்தான் டிக்கெட் எடுத்ததாக என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

காலையிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்கள். தய்யிப் தண்ணீர் பாட்டிலை எடுத்தால், “இப்ப வேணாம்னு சொல்லுங்க மேடம், அப்புறம் பாத்ரூம் போவாரு, டைம் வேஸ்ட்” என்றார் சடகோபன். அவன் கழிப்பறைக்குள் போனால் இவர்களுக்குக் காட்சியை இருட்டாக்கி வீணை இசை போடுவோம். அதற்கு வாக்கெடுப்பு வேறு. எங்கே நிற்பது, எங்கே நகர்வது எல்லாம் நாற்காலிக் கைப்பிடியிலிருக்கும் பொத்தானை அழுத்தி, பெரும்பான்மைப்படி. கழிப்பறைக்கு அன்று பெரும்பான்மை கிடைக்கவில்லை.

மெதினத் ஹபு கோயிலில் ஒரு சுவர்ச் சிற்பம் இருக்கிறது. போரில் செத்தவர்களின் கைகளை வெட்டிக் குவித்து ராஜா முன்னால் எண்ணிக்கொண்டிருப்பார்கள். நான் அதை விளக்கினேன். தவமணி மட்டும், “யாரு பெத்த பிள்ளைங்களோ” என்றார். மற்றவர்கள் அடுத்த சுவருக்குப் பொத்தான் அழுத்தினார்கள்.

ஹத்செப்சுத் ராணியின் கோயிலில் அகலமான சாய்தளம் மேலே மேலே ஏறிப் போகும். தய்யிப் பாதி ஏறியிருந்தான். அப்போது கீழே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் காவலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டு மேலே ஓடி வந்தார்.

“யாருங்க அது, பாசிமணி விக்கறவனா? வேணாம்னு சொல்லுங்க” என்றார் ஒருவர்.

வந்தவர் தய்யிபின் பக்கத்து வீட்டுக்காரர். அவர் சொன்னதை மொழிமாற்றி என் காதில் மட்டும் சொன்னது. “தய்யிப், உன் தாய் இறைவனிடம் சென்றுவிட்டாள். நண்பகல் தொழுகை முடிந்ததும் எடுக்கிறோம். வா.”

தய்யிப் அப்படியே நின்றான். என் திரையில் அவனுடைய இதயத்துடிப்புக் கோடு எகிறியது. கூடத்தில் நாற்பது பேரும் நாற்காலியில் நெளிந்தார்கள்.

“மேடம், நெஞ்சு பாரமா இருக்கு. மெஷின் கோளாறா?”

“கால் நடுங்குது. ரொம்ப ஏத்தறாரு இவரு. நிதானமாப் போகச் சொல்லுங்க.”

தனி லைனைத் திறந்தேன். “தய்யிப், எனக்குக் கேட்டுச்சு.”

“அவளுக்கு நான் ஒரே மகன்” என்றான். “அவளுக்குச் சகோதரனும் இல்லை. குழிக்குள் அவளை இறக்கி வைக்க வேண்டியவன் நான்தான். அந்நிய ஆண் அவளைத் தொடக் கூடாது, அரசி.”

“கிளம்பு. இப்பவே மோட்டார் சைக்கிள்ல ஏறு.”

“இவர்களோடா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வில்லையைப் பாதியில் பிடுங்கிவிட முடியாது. பிடுங்கினால் ஏறியிருப்பவர்களுக்கும் சுமப்பவனுக்கும் வலிப்பு வரும். ஒவ்வொருவரும் தானாகச் சம்மதித்து, கைப்பிடியிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர வேண்டும். கடைசி ஆள் இறங்கும்வரை அவன் அவனாக முடியாது. கழிப்பறைக்குப் போடும் இருட்டும் சில நிமிஷம்தான் தாங்கும்.

“இவர்களோடு போனால், அவள் முகத்தை நாற்பது பேர் பார்ப்பார்கள்” என்றான். “என் கையோடு நாற்பது கைகள் அவளைத் தூக்கும். வாழ்நாள் முழுவதும் அவள் வேற்று ஆளின் கண்ணில் பட்டதில்லை. அதற்கு நான் போகாமலேயே இருந்துவிடலாம். இவர்களை இறக்கிவிடு, அரசி. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.”

மானேஜர் கிரிதரனிடம் ஓடினேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் அவருக்கு நல்ல பயிற்சி.

“ரொம்ப வருத்தம் மேடம். டூர் முடிஞ்சதும் ஒரு மலர்வளையம் அனுப்பிடலாம்.”

“டூர் முடியறதுக்குள்ள அடக்கம் முடிஞ்சுடும் சார்.”

“பாசஞ்சர்ஸ் கிட்ட வழித்துணைவரோட சொந்த விஷயத்தைச் சொல்லக் கூடாதுன்னு ரூல் இருக்கு. அவங்க ரிலாக்ஸா இருக்கணும்.”

“அவங்க படுத்துக்கிட்டு இருக்காங்க சார். இதுக்கு மேல எப்படி ரிலாக்ஸா இருப்பாங்க?”

அவர் புன்னகை செய்தார். சில பேர் புன்னகை செய்யும்போது அறையலாம் போலிருக்கும். நான் திரும்பிவந்து ஒலிவாங்கியைப் போட்டேன். வேலை போனால் போகட்டும் என்று நாற்பது பேரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இன்னாருடைய அம்மா தவறிவிட்டார், ஒரே பிள்ளை, நண்பகலில் அடக்கம், நீங்கள் எல்லோரும் தயவுசெய்து சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அவர் போகலாம், உங்களுக்கு வேறொரு நாள் டூர் கட்டாயம் உண்டு.

உச்சுக்கொட்டினார்கள். நாற்பது வாயும் ஒரே நேரத்தில் உச்சுக்கொட்டியதில் கூடமே பல்லிக்கூடு மாதிரி ஆயிற்று. ஆனால் ஒரு கையும் நகரவில்லை.

“நண்பகல்னா இன்னும் நேரம் இருக்கே. ராஜாக்கள் பள்ளத்தாக்கை மட்டும் முடிச்சுட்டுப் போகட்டும்” என்றார் ஒருவர்.

“ஏம்மா, அங்கல்லாம் ஐஸ் பெட்டி கிடையாதா?” என்றார் இன்னொரு அம்மாள். “எங்க மாமனாரை மூணு நாள் வெச்சிருந்தோம், கடைசி மச்சினர் நியூஜெர்சிலேருந்து வரணும்னு. ஒண்ணும் ஆகலியே.”

“அவங்க வழக்கத்துல அன்னிக்கே அடக்கம் பண்ணணும்மா.”

சடகோபன் கண்ணை மூடியபடியே சிரித்தார். “என்ன மேடம், இந்த ஊர்ல மூவாயிரம் வருஷமா பொணத்தை வெச்சிருக்கான். ஒரு நாள் கூட வெக்க முடியாதா?”

இதற்கு நாலு பேர் சிரித்தார்கள். நாக்கு அழுகாதா என்று மனதுக்குள் கேட்டேன். வெளியே கேட்டிருக்க வேண்டும்.

அதைவிட மோசம் பின்னால் வந்தது. “அப்ப நாமளும் கூடப் போய் அதையும் பாத்துடலாமே. எகிப்துல ஒரு சாவு எப்படிப் பண்றாங்கன்னு யாரு பாத்திருக்கா? எக்ஸ்ட்ரா எதுவும் கேக்க மாட்டீங்களே?” இப்படிக் கேட்டவர் வங்கியில் வேலை பார்க்கிற, மரியாதையான, நெற்றியில் சந்தனமிட்ட மனிதர். பத்துப் பேர் ‘நல்ல யோசனை’ என்றார்கள். வாக்கெடுப்பு வைக்கச் சொன்னார்கள். பள்ளத்தாக்கா, சாவு வீடா? சாவு வீட்டுக்கு ஓட்டு விழுந்துகொண்டே இருந்தது.

“என்ன சொல்கிறார்கள்?” என்று தய்யிப் தனி லைனில் கேட்டான்.

ஒரு மனிதனுடைய நெஞ்சு அடைப்பதை நாற்பது பேர் தங்கள் நெஞ்சிலேயே அனுபவிக்கிறார்கள். அவன் கண்ணில் நீர் முட்டுவது இவர்கள் கண்ணில் முட்டுகிறது. இதைவிட நெருக்கமாக ஒருவன் துக்கத்தை இன்னொருவனுக்குக் காட்டவே முடியாது. அடுத்தவன் வலி நமக்கும் வலித்தால் உலகம் திருந்திவிடும் என்று, இந்த வேலைக்கு வருமுன் ஆசிரியையாக இருந்தபோது, நான் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். இதோ வலிக்கிறது. மெஷின் கோளாறா என்று கேட்கிறார்கள்.

அப்போதுதான் தவமணி அம்மாள் தன்பாட்டுக்கு முணுமுணுத்தார். “நாளன்னிக்குப் பொண்ணுக்கு வளைகாப்பு. போயும் போயும் இன்னிக்கா சாவுச் சேதி காதுல விழணும்.”

எனக்குள் ஏதோ ஒன்று சட்டென்று எழுந்து உட்கார்ந்தது.

ஒலிவாங்கியை மறுபடி போட்டேன். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன், கோயில் குருக்கள் மாதிரி. “ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். நீங்க எல்லாரும் இப்ப, அம்மாவைப் பறிகுடுத்த ஒருத்தரோட உடம்புக்குள்ள இருக்கீங்க. வீட்டுல விசேஷம் வெச்சிருக்கறவங்க, கோயிலுக்கு மாலை போட்டிருக்கறவங்க, கர்ப்பிணி இருக்கற வீட்டுக்குப் போறவங்க கொஞ்சம் யோசிச்சுக்கோங்க. தீட்டு விஷயம்.”

ஏ.சி. ஓடுகிற சத்தம் கேட்டது.

சடகோபன்தான் முதலில் பேசினார். சிரிப்பு போயிருந்தது. “மேடம், இது துக்கம் கேட்ட தீட்டுதானே? தலைக்குக் குளிச்சா போயிடுமே?”

“கேட்டிருந்தா அப்படி சார். நீங்க கேக்கலியே, அவரா இருக்கீங்க. மகனோட உடம்புல இருந்தா மகன் தீட்டுதான். பதினாறு நாள்.”

“நமக்கென்ன, அவர் வேற மதம், வேற...”

“நெஞ்சு பாரமா இருக்குன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? ஒட்டலைன்னா எப்படிப் பாரமா இருக்கும்?”

சாஸ்திரத்தில் இதற்கு இடமே கிடையாது, எனக்கும் தெரியும். சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு இன்னொருவன் உடம்பில் ஏறுவதைப் பற்றி எந்த ரிஷியும் யோசித்து வைக்கவில்லை. ஆனால் பயம் சாஸ்திரம் பார்த்தா வருகிறது? சடகோபனின் கை சிவப்புப் பொத்தானுக்குப் போனது. அடுத்து ஐஸ் பெட்டி அம்மாள். பிறகு படபடவென்று ஒரே சத்தம். சந்தனப் பொட்டுக்காரர் நெற்றிப் பட்டையைக் கழற்றி, தொடக் கூடாததைத் தொட்ட மாதிரி கீழே போட்டார். ஒருவர் என்னைப் பார்த்து, “முன்னாடியே சொல்றதுக்கென்ன, பொறுப்பில்லாம?” என்று சீறினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே ஓடியவர்களும் உண்டு.

கண்ணீர் கேட்டபோது நகராத கைகள். எனக்குச் சந்தோஷப்படுவதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை. என் திரையில், தய்யிபின் மேல் இருந்தவர்களின் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. ஒன்றில் வந்து நின்றது.

பேராசிரியர் இளங்கீரன் அசையாமல் படுத்திருந்தார்.

“சார், நீங்க மட்டும்தான் பாக்கி” என்றேன்.

“நான் தீட்டுப் பாக்கறவன் இல்லைம்மா. முப்பது வருஷமா அதை எதிர்த்துப் பேசிட்டிருக்கேன். அதுக்குப் பயந்து நான் எழுந்தா என்ன அர்த்தம்?”

“தீட்டுக்காக வேணாம் சார். அவங்க அம்மாவுக்காக எழுந்திரிங்க.”

“அது சரி. ஆனா நீங்க தீட்டைச் சொல்லித்தானே இத்தனை பேரை எழுப்பினீங்க? இப்ப நானும் எழுந்தா அதுக்கு நானும் உடந்தை. கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

அங்கே நண்பகல் நெருங்குகிறது. கோயில் நிழலில் ஒரு தூணில் சாய்ந்து தய்யிப் உட்கார்ந்திருந்தான். மோட்டார் சைக்கிள்காரர் இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தார். ஒரே ஒரு மனிதருடைய கொள்கை, ஒரு தாயின் பிணத்துக்கும் மகனுக்கும் நடுவில் கால் நீட்டிப் படுத்திருந்தது.

தவமணி அம்மாள் ஏற்கெனவே இறங்கி, புடவையை உதறிக்கொண்டு நின்றார். கணவருடைய நாற்காலிக்கு வந்து குனிந்தார்.

“நீங்க நம்ப வேணாங்க. நான் நம்பறேன்ல. இன்னும் ஒரு நிமிஷம் படுத்திருந்தீங்கன்னா வீட்டு வாசல் ஏற விடமாட்டேன். பதினாறு நாளும் உங்க கொள்கையே உங்களுக்குச் சோறு போடட்டும்.”

பேராசிரியர் ஒரு கண்ணைத் திறந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். “இது மிரட்டல், இதை நான் பதிவு செய்கிறேன்” என்று மேடைத் தமிழில் சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினார்.

எண்ணிக்கை பூஜ்யமானது. திரை இருண்டது. அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. அதுதான் வேண்டியிருந்தது.

சாயங்காலம் தய்யிப் போன் செய்தான். “இறக்கினேன்” என்றான். பிறகு, “கனமே இல்லை, அரசி” என்றான்.

மறுநாள் வேலை போய்விடும் என்று பையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டுதான் ஆபீசுக்குப் போனேன். கிரிதரன் என்னைக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி, காபி வரவழைத்தார்.

“மேடம், நீங்க ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கீங்க. நேத்து ராத்திரியிலேருந்து போன் நிக்கல. நம்ம பாசஞ்சர்ஸுக்கு இப்படி ஒரு கவலை இருக்குன்னு இத்தனை வருஷமா நமக்குத் தெரியவே இல்லை பாருங்க.”

“என்ன கவலை?”

“சுத்தம் மேடம். ஏறுற உடம்பு சுத்தமா இருக்கணும்ல. இனிமே எல்லா டூரும் ‘தூய நடை’. காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி வழித்துணைவர் சொல்லணும்: வீட்டில் எல்லோரும் நலம். யாராவது தவறிட்டா பதினாறு நாளைக்கு அவரை எடுக்க மாட்டோம்.”

“சம்பளம்?”

“வேலை செய்யாத நாளுக்கு எப்படி மேடம்?”

“ஒரு நாள் லீவு குடுங்கன்னு கேட்டேன், குடுக்கல. இப்ப பதினாறு நாள் பட்டினி போடறீங்களா?”

“பட்டினின்னு ஏன் பாக்கறீங்க? அவங்களும் நிம்மதியா துக்கம் கொண்டாடலாம். நிறுவனம் ரெண்டு பக்கத்துக் கலாசாரத்தையும் மதிக்குது.” இதை அவர் மனப்பாடமாகச் சொன்னார். யாரோ ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மேஜையைத் தட்டிக் கத்தினேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த வாரம் என்னுடைய சம்பளத்தை உயர்த்தினார்கள். வேண்டாம் என்று சொன்னேன். கணினியில் அதற்கு வழியில்லை என்றார்கள்.

முதல் பதினாறு நாள் தய்யிபுக்குத்தான் விழுந்தது. ‘வீட்டில்’ என்றால் யார் யார் என்று சென்னையில் ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்தது. பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள், பங்காளிகள் எல்லாம் சேர்த்தி. தய்யிபின் ஊரில் பாதிப் பேர் பாதிப் பேருக்குப் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். ஒரு கிழவர் செத்தால் ஆறு வண்டிகள் நின்றன. அந்த ஊர்க் கோடை முடிவதற்குள் இரண்டு கிழவர்கள் போனார்கள். சில வீடுகளில் அடுப்பு எரிவது கஷ்டமாயிற்று என்று கேள்விப்பட்டேன். தய்யிப் என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பிறகு கேள்விப்படுவதும் நின்றது. ஐப்பசிக்குப் பிறகு லக்ஸரில் யாருமே சாகவில்லை. எங்கள் கணினிப்படி அங்கே ஒரு ஊரே சாவை ஜெயித்துவிட்டது. காலைதோறும் வழித்துணைவர்கள் வரிசையாக வந்து, “வீட்டில் எல்லோரும் நலம்” என்றார்கள். கிரிதரன் அந்த எண்ணிக்கையைத் தலைமையகத்துக்கு அனுப்பிப் பாராட்டு வாங்கினார்.

மாசி மாதத்தில் ஒரு காலை, லக்ஸர் வண்டி தய்யிப்.

கூடம் நிரம்பியிருந்தது. எல்லாம் புது முகங்கள். தய்யிப் வழக்கம்போல வில்லையைத் தொட்டு, “வீட்டில் எல்லோரும் நலம்” என்றான். நாற்பது பேரும் ஏறினார்கள். அவன் கிளம்பினான்.

கோயிலுக்குப் போகும் பாதை அவன் ஊரின் முனையைத் தொட்டுக்கொண்டு போகும். அங்கே தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். சிவப்பும் நீலமுமாகப் பூவேலை செய்த துணி, உள்ளே வரிசை வரிசையாக நாற்காலிகள். அந்த ஊரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே துணியில்தான் பந்தல். கல்யாணம் என்றால் பாட்டிருக்கும், விளக்கிருக்கும். இங்கே ஆண்கள் மட்டும், விடியலிலேயே, பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். தய்யிபைக் கண்டதும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவர் இரண்டு கையையும் நீட்டியபடி அவனை நோக்கி வந்தார். தய்யிப் நிற்கவில்லை. வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையை லேசாக ஆட்டிவிட்டு நடந்தான்.

என் திரையில் அவனுடைய இதயத்துடிப்புக் கோடு எகிறியிருந்தது. ஒரு மனிதனுடைய கோட்டை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தால் அது கையெழுத்து மாதிரி பழகிவிடும். அந்தக் கோட்டை நான் முன்பு ஒரே ஒரு நாள்தான் பார்த்திருந்தேன்.

ஒலிவாங்கியின் பொத்தான்மேல் என் விரல் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் நாற்பது பேரும் ஒரு நிமிஷத்தில் இறங்கிவிடுவார்கள். அவன் திரும்பிப் போய் அந்தப் பந்தலில் உட்காரலாம். அப்புறம் பதினாறு நாள். அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தனி லைன் திறந்தே இருந்தது, அதில் அவன் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

“என்னங்க பந்தல் இது, கல்யாண வீடா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் கேட்டார்.

அன்று போட்டிருந்த பொது மொழிமாற்றி அதை அவன் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்த வார்த்தையும் அவன் பொறுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுதான் போலும்.

“கல்யாணம்” என்றான், தமிழிலேயே.

கூடத்தில் மகிழ்ச்சி பரவியது. கிளம்பும்போதே கல்யாணப் பந்தல் கண்ணில் பட்டது எவ்வளவு நல்ல சகுனம் என்றார்கள். ஒருவர் மட்டும், “நெஞ்சு ஏன் இப்படி அடிச்சுக்குது?” என்று கேட்டார்.

“பொண்ணு யாருப்பா? உனக்குச் சொந்தமா?” என்றார் அந்த அம்மாள்.

தய்யிப் நாலைந்து அடி நடந்தான். பிறகு அரபியில் சொன்னான். மொழிமாற்றி அதைத் தன் வழக்கமான ஏட்டுத் தமிழில், ஏற்ற இறக்கமில்லாமல், எல்லோருக்கும் சொன்னது.

“என் தங்கை.”

“தங்கச்சி கல்யாணத்தை விட்டுட்டு வேலைக்கு வந்திருக்கான் பாருங்க, என்ன கடமை உணர்ச்சி” என்றார் ஒருவர். “அதான் நெஞ்சு அடிச்சுக்குது, சந்தோஷம்” என்றார் பக்கத்தில் இருந்தவர். நாற்பது பேரும் சேர்ந்து வாழ்த்துச் சொன்னார்கள். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழட்டும் என்று ஒரு பெரியவர் தழுதழுத்தார்.

“நன்றி” என்றான் தய்யிப்.

கோயில் வாசல் வரைக்கும் அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பார்த்தால் நாற்பது பேரும் பார்ப்பார்கள்.